முந்தானையை இழுக்கும் கை

சில வருடங்களுக்கு முன் கண்டியில் ஒரு பெண்கள் அமைப்பு எங்களைப் போன்ற சுயதொழில்காரிகளைக் கூப்பிட்டு ஒரு நாள் பயிற்சி வைத்தது. தையல்காரிகள், பலகாரம் சுடுகிறவர்கள், பாய் பின்னுகிறவர்கள், மணப்பெண் சோடிக்கிற நான். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். பொய் சொல்வானேன்.

பாடம் நடத்தியவள் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற இளம்பெண். பெண்ணாகப் பிறப்பது வேறு, பெண்ணாக இருப்பது வேறு என்றாள். யாரோ எழுதிக் கொடுத்த வேடத்தை நாம் தினமும் ஆடுகிறோம், ஆடுகிறோம் என்பதே மறந்துபோகும் அளவுக்கு ஆடுகிறோம் என்றாள். அதோடு எவளும் வெறும் பெண் மட்டும் இல்லையாம். அவள் தமிழச்சி, தோட்டத்தாள், ஏழை, இன்ன சாதி, இன்ன மதம் என்று எல்லாமாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறாள். அடி விழும்போது எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் விழுகிறது என்றாள். நல்ல பிள்ளை, சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அதைச் சிரித்த முகத்தோடு சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் தந்தாள். பெண் என்பதற்காக உங்கள் கை தானாகச் செய்கிற ஒரு காரியத்தை எழுதுங்கள் என்றாள். பக்கத்தில் இருந்தவள் 'தேங்காய் திருவுதல்' என்று எழுதினாள். நான் 'முந்தானையை இழுத்து விடுதல்' என்று எழுதினேன். எழுதிய கையோடு வெட்டினேன். என் கை அதைச் செய்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அதில் எழுதியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கண்டிக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடைக்கு மூட்டை தூக்க வந்து டவுனிலேயே தங்கிவிட்டார். ஒரு ஹாஜியாரின் வளவுக்குள் வரிசையாகக் கட்டிய அறைகளில் இரண்டு எங்களுடையவை. அங்கேதான் நான் பெரியபிள்ளை ஆனேன். அன்றைக்குப் பிடித்தது அம்மாவுக்குச் சனி. ஊரில் உள்ள ஆண்பிள்ளைகள் எல்லோரும் வேறு வேலை இல்லாமல் என் நெஞ்சைப் பார்ப்பதற்கே பிறந்தவர்கள் என்பது அவள் முடிவு. தாவணி போட்ட முதல் மாதம் "இழுத்து விடு" என்று வாயால் சொன்னாள். இரண்டாம் மாதம் கண்ணால் சொன்னாள். அதற்குப் பிறகு சொல்லவே தேவை இருக்கவில்லை. ஆம்பிளை எவனாவது எதிரே வந்தால் போதும், வலது கை முதுகுக்குப் போய், தொங்குகிற தலைப்பைப் பிடித்து, முன்னுக்குக் கொண்டுவந்து இடுப்பில் செருகிவிடும். கொட்டாவி வந்தால் வாய் திறக்கிற மாதிரி. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

முன் அறையில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். கணவருக்கு வவுனியாவில் அரசாங்க உத்தியோகம். ஆறு வயது மகளைக் கம்பளையில் இருந்த கணவரின் அக்கா வீட்டில் விட்டிருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறிப் போனால் ஞாயிறு திரும்புவார். பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளையைத் தன் அறைக்குக் கூட்டி வருவார். நான் அவரை டீச்சரக்கா என்பேன். அவர் என்னைப் 'பிள்ளை' என்பார். அன்பாகத்தான் கூப்பிடுவார். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். தீபாவளிக்கு அம்மா கொடுத்த முறுக்கை இரண்டு கையாலும் வாங்கிவிட்டு, பின்பக்கம் போய்க் காக்கைக்குப் போட்டதை நான் பார்த்தேன். ஒருமுறை வந்திருந்த சிநேகிதியிடம் அவர் சொன்னது பலகைச் சுவரைத் தாண்டிக் கேட்டது.

"நல்ல சனங்கள், பாவங்கள். ஆனா தோட்டக்காட்டுச் சனம்தானே."

அந்த 'ஆனா'வை நான் நெடுநாள் மறக்கவில்லை. இருந்தாலும் ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் வித்தியாசமே கிடையாது. ஹாஜியார் வளவுக்குள் காலடி வைத்தால் டீச்சரக்காவின் கையும் என் கையும் ஒரே நேரத்தில் முதுகுக்குப் போகும். அவரைப் பழக்கியவள் வடக்கே ஒரு கல்வீட்டுத் தாய். என்னைப் பழக்கியவள் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். இரண்டு தாய்மாரில் ஒருத்தி வீட்டில் மற்றவள் உட்காரவே மாட்டாள், ஆனால் பாடம் மட்டும் ஒன்று.

பத்தொன்பது வயதில் ஒரு சிங்களப் பெண்மணியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மணப்பெண் சோடிப்பவர், மிஸ் என்றுதான் எல்லோரும் அழைப்போம். கண்டியச் சிங்களப் பெண்கள் கட்டுகிற ஒசரியை அவரைப் போல் கட்ட டவுனில் ஆள் இல்லை. இடுப்பைச் சுற்றி ஒரு சுருக்கு மடிப்பு விறைப்பாக நிற்க வேண்டும். தோளில் போகிற தலைப்பை நாலு விரல் அகலத்துக்கு மடித்தால் அது பின்னால் நேராகத் தொங்க வேண்டும். முன்னுக்கு வரக் கூடாது. எவன் பார்த்தாலும் வரக் கூடாது. வேலைக்கு வரும்போது நானும் ஒசரிதான் கட்ட வேண்டும் என்பது மிஸ்ஸின் சட்டம். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் வந்து நின்றால் என் கை முதுகுக்குப் போகும். உடனே மிஸ் சீப்பின் முதுகால் என் மணிக்கட்டில் ஒன்று போடுவார்.

"தொடாதே. ஒசரி கட்டினவள் தோளை மறந்துவிட வேண்டும்" என்பார் சிங்களத்தில்.

மூன்று மாதத்தில் கை மறந்துவிட்டது. வளவுக்குத் திரும்பித் தாவணி மாற்றியதும் தானே நினைத்துக்கொள்ளும். டவுனில் ஒரு கை, வீட்டில் ஒரு கை. அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. பஸ்ஸில் சிங்களப் பெண்கள் என்னோடு தங்கள் மாமியாரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு வருவார்கள். நான் யார் என்று ஒருத்திக்கும் தெரியாது. வேடம் போட்டு ஊரை ஏமாற்றுகிற சந்தோஷம் இருக்கிறதே, அது பொல்லாத சந்தோஷம்.

அந்த வருடம், எண்பத்து மூன்று, ஆடி மாதத்தில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. அப்பா வேலை செய்த கடை எரிந்தது. அந்தத் தெருவே எரிந்தது. எரிந்த மிளகாய் மூட்டைகளின் காரம் எங்கள் வளவு வரைக்கும் வந்து எல்லோரும் இருமினோம். ஹாஜியார் கேட்டைப் பூட்டி, தன் மகன்மாரை வாசலில் கதிரை போட்டு உட்காரவைத்து எங்களைக் காப்பாற்றினார். இரண்டு நாள் ஊரடங்கு. மூன்றாம் நாள் காலை சில மணி நேரத்துக்கு அதை எடுத்தார்கள். அப்போதுதான் கம்பளையிலும் கடைகள் எரிகின்றன, தமிழர் வீடுகளைத் தேடிப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது.

டீச்சரக்கா கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"நான் போறன். என்ர பிள்ளை அங்க."

"பொட்டும் தாலியுமா எப்புடிப் போவீங்க டீச்சரம்மா? சிங்களமும் ஒங்களுக்கு வராதே. ரெண்டு நாள் பொறுங்க" என்றாள் அம்மா.

"பொறுத்தா என்ர பிள்ளை இருக்குமோ?"

"நான் கூட்டிக்கிட்டுப் போறேன். என்னால செய்ய முடியும்" என்று சொன்னது நான்தான். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் சாபம் இருந்தது. பிள்ளைக்காக இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கமும் இருந்தது. ஆனால் அதைவிட, என் கைவேலையை ஒரு தடவை பெரிதாகச் செய்து பார்க்கிற ஆசை இருந்தது. எங்கள் முறுக்கைத் தொடாதவரை நான் சோடித்து, என் பின்னால் நடக்கவைக்கிற ஆசையும் இருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மிஸ்ஸின் வெள்ளைச் சேலை ஒன்று கஞ்சி போட்டு இஸ்திரிக்கை பண்ணுவதற்காக என்னிடம் இருந்தது. சிங்களவர்கள் சாவீட்டுக்கு வெள்ளை கட்டித்தான் போவார்கள். வெள்ளை ஒசரியில் அழுத முகத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அவளோடு யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். என் திட்டம் அதுதான். டீச்சரக்கா சேலையைப் பார்த்துப் பின்வாங்கினார்.

"என்ர மனுசன் உயிரோட இருக்கேக்க நான் வெள்ளை கட்டுறதோ?"

"அவங்களுக்கு அது அப்புடி இல்ல டீச்சரக்கா."

"எனக்கு அப்பிடித்தானே, பிள்ளை."

பிறகு தானே பொட்டை அழித்தார். தாலிக்கொடியைக் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடித்து மூடினார். எங்கள் வீட்டில் யாரையும் அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர் கேட்டார். எங்கள் தம்ளரில் அண்ணாந்து ஊற்றாமல் வாய் வைத்துக் குடித்தார். அம்மா அழுதாள்.

நான் அழவில்லை. எனக்கு வேலை இருந்தது. தலைமுடியை அவிழ்த்துச் சிங்களப் பெண்களைப் போல் கழுத்தடியில் கொண்டை போட்டேன். காதுத்தோட்டை மாற்றினேன். மடிப்பு மடிப்பாகச் சேலையைக் கட்டி நடக்கவைத்தேன். இரண்டு சிங்களச் சொற்கள் சொல்லிக் கொடுத்தேன். எங்கே போகிறாய் என்று கேட்டால் 'மளகெதர', அதாவது சாவீடு. வேறு என்ன கேட்டாலும் 'தன்னே நே', தெரியாது. கணக்கு டீச்சர் அல்லவா, இரண்டையும் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது போல் சொல்லிச் சொல்லிப் பழகினார்.

கடைசியில் கைக்கு வந்தேன். அப்பாவை எதிரே வந்து நிற்கச் சொன்னேன். டீச்சரக்காவின் வலது கை முதுகுக்குப் போனது. மிஸ் என்னை அடித்ததைப் போலவே சீப்பின் முதுகால் மணிக்கட்டில் தட்டினேன். மறுபடி அப்பா வந்தார். மறுபடி கை போனது. இந்த முறை கொஞ்சம் பலமாகவே அடித்தேன். மூன்றாம் தரம் கை அசைந்தது, ஆனால் போகவில்லை.

"சரியோ பிள்ளை?"

"சரி டீச்சரக்கா."

எனக்கு மூன்று மாதம் எடுத்த பாடத்தை அவருக்கு அரை மணி நேரத்தில் படிப்பித்துவிட்டேன் என்று நம்பினேன். இதைவிடப் பெரிய மடத்தனத்தை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை.

குட்செட் பஸ் நிலையத்தில் கம்பளை பஸ் ஒன்று புறப்பட நின்றது. வெள்ளைச் சேலை ஒன்றுதான் இருந்ததால் நான் வேலைக்குக் கட்டுகிற நீல ஒசரியில் இருந்தேன். ஒரே இடத்தில் இரண்டு பேருக்கு இருக்கை கிடைக்கவில்லை. டீச்சரக்கா ஒரு வயதான சிங்கள அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அடுத்த வரிசையில், அவருக்குப் பின்னால். அந்த அம்மா வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அவர் முழங்காலை ஒரு தரம் தடவிக் கொடுத்தார். பேராதனைப் பாலம் தாண்டியது. கெலிஓயா தாண்டியது. ஜன்னல் கண்ணாடியில் டீச்சரக்காவின் முகம் தெரிந்தது. அசல் சாவீட்டு முகம். நான் உள்ளுக்குள் என்னை மெச்சிக்கொண்டேன்.

அதன்பிறகு ஒரு வளைவில் மரத்துண்டு போட்டு பஸ்ஸை மறித்தார்கள். ஏறியவர்கள் நாலைந்து பேர். ஒருவன் கையில் இரும்புக் கம்பி. ஆண்களைத்தான் முதலில் பார்த்தார்கள். பேசச் சொன்னார்கள், அடையாள அட்டை கேட்டார்கள். ஒருவரும் அகப்படவில்லை. கம்பிக்காரன் இறங்கத் திரும்பினான். திரும்பும்போது அவன் கண் டீச்சரக்காவில் பட்டது. அவன் தமிழச்சியைத் தேடிப் பார்க்கவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். முப்பது வயதில் லட்சணமாக இருந்த ஒரு பொம்பளையை, ஆம்பிளை பார்க்கிற பார்வையில் பார்த்தான். பஸ்ஸில் தினமும் எவனாவது பார்க்கிற பார்வைதான்.

டீச்சரக்காவின் கை முதுகுக்குப் போனது. நாலு விரல் மடிப்பைப் பிடித்து முன்னுக்கு இழுத்து நெஞ்சை மூடி இடுப்பில் செருகியது. நான் கட்டிய மடிப்பு குலைந்து தோளில் விரிந்தது. நல்ல குடும்பத்துப் பெண், ஒரு குறையும் இல்லாமல் வளர்க்கப்பட்டவள்.

அவன் நின்றான். கண்டிக் கடைத்தெருவில் தமிழ்ப் பெண்கள் அப்படி இழுத்துவிடுவதை அவனும் எத்தனை தரம் பார்த்திருப்பான். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

எங்கே போகிறாய் என்று கேட்டான். "மளகெதர" என்றார், திருத்தமாக. யார் செத்தது என்று கேட்டான்.

"தன்னே நே."

சாவீட்டுக்குப் போகிறவளுக்குச் செத்தது யாரென்று தெரியவில்லை. நான் கற்றுக் கொடுத்தபடியேதான் சொன்னார். அவன் சிரித்தான். அந்த வயதான அம்மா டீச்சரக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு மகனே, இவளை எனக்குத் தெரியும், எங்கள் ஊர்ப் பிள்ளை, செவிடு" என்றார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அரை மணி நேரப் பழக்கத்தில் அவர் அந்தப் பொய்யைச் சொன்னார். கம்பிக்காரன் அதைக் காதில் வாங்காமல் பின்வரிசைக்குத் திரும்பி, என் முகத்துக்கு நேரே குனிந்தான்.

"உனக்குத் தெரியுமா இவளை? யார் இது?"

ஆம், எங்கள் ஊர்ப் பிள்ளைதான் என்று சொல்லியிருக்கலாம். என் சிங்களத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பேர் சொன்னால் அவன் நம்பியிருக்கலாம், நம்பாமலும் போயிருக்கலாம். என் கைகள் இரண்டும் மடியில் அசையாமல் கிடந்தன. தோளை மறந்த கைகள்.

"தன்னே நே" என்றேன்.

டீச்சரக்கா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்த சிங்களச் சொற்கள் இரண்டில் அது ஒன்று. கத்தவும் இல்லை. கத்தினால் தமிழில்தான் கத்த வேண்டும், பிறகு நானும் அகப்படுவேன் என்று நினைத்திருப்பார். நினைத்தாரா, பயத்தில் வாயடைத்துப் போனாரா, இனி யாரைக் கேட்பது? கொண்டையில் பிடித்து இறக்கினார்கள். அந்த அம்மா பஸ் புறப்பட்ட பிறகும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அவர்களைச் சபித்தார். "பெற்றவள் வயிறு பற்றி எரியும்" என்றார். நான் அந்தச் சாபத்தைக் கேட்டுக்கொண்டு கம்பளை வரைக்கும் போனேன்.

கம்பளையில், டீச்சரக்கா முன்பே சொல்லி வைத்த அடையாளத்தில் தேடிப் போன நாத்தனார் வீடு பூட்டியிருந்தது; ஜன்னல்கள் உடைந்திருந்தன. குடும்பம் பின்வீட்டில், ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீட்டில் ஒளிந்திருந்தது. அங்கே கேட்டுப் பார்க்கலாம் என்று அந்தக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டு அம்மா ஒரு விரல் அளவுக்குத் திறந்து என் ஒசரியைப் பார்த்தார்.

"இங்க ஒருத்தரும் இல்ல."

"நான் தமிழ்ப் பொண்ணும்மா. டீச்சர் வீட்டுல இருந்து வாறேன். பிள்ளையப் பார்க்கணும்."

"தமிழ் பேசுற சிங்களப் பொம்புளைகள் எத்தின பேர் ஈக்காங்க. நீங்க போங்க."

எப்படி நம்பவைப்பது? தலைப்பை முன்னுக்கு இழுத்துக் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதே செய்கை, சில மைலுக்கு இந்தப் பக்கம் உயிரைக் காக்கும் போல இருந்தது. கை போகவில்லை. உள்ளே இருந்து பிள்ளைதான் எட்டிப் பார்த்து, "இது பக்கத்து அறை அக்கா" என்றது. கதவு திறந்தது. பிள்ளை எனக்குப் பின்னால் வீதியைப் பார்த்தது.

"அம்மா எங்க?"

"பின்னால வாறாங்க" என்றேன்.

பதினைந்து நாள் கழித்து டீச்சரக்காவை அகதி முகாமில் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடத்தை முகாமாக ஆக்கியிருந்தார்கள். யாரோ ஒரு லொறிக்காரர் வழியில் கண்டு ஆஸ்பத்திரியில் விட்டதாகச் சொன்னார்கள். வலது கை மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருந்தது. மற்றதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாத்தனார் மட்டும் வருகிறவர்களிடம் எல்லாம் ஒன்றைச் சொன்னார், டீச்சரக்காவின் காதுபடவே.

"தாலியைக் கழட்டி வைச்சிட்டு வெள்ளை கட்டினவள். பின்ன என்ன நடக்கும்?"

பஸ்ஸை மறித்தவர்களைப் பற்றி அந்த மனுசிக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அம்மா தாலிக்கொடியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டீச்சரக்கா இடது கையாலேயே அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, "பிள்ளையிட்டப் போனனி, நல்லது" என்றார். அவ்வளவுதான். சில நாளில் கணவர் வந்து இருவரையும் வடக்கே கூட்டிப் போனார். யுத்தம் தொடங்கியது. பிறகு ஒரு கடிதமும் இல்லை.

எனக்கும் கல்யாணம் நடந்தது. முதல் வாரமே மாமியார் சொன்னார், "புள்ளைக்கு வெக்கம் பத்தாது. ஆம்பள வந்தா முந்தானைய இழுத்து வுடத் தெரியல." எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு என்று இருந்த கையும் அந்த பஸ்ஸோடு போய்விட்டது. சோதனைச் சாவடிகளில் என்னை ஒருத்தரும் இரண்டாம் தரம் பார்த்ததில்லை. யுத்தம் முழுவதும் பத்திரமாக இருந்தேன். மிஸ் போன பிறகு தொழிலையும் நானே நடத்தினேன்.

கலவரம் நடந்து இருபது வருடம் கழித்து, சண்டை கொஞ்ச காலம் நின்று வடக்குப் பாதை திறந்திருந்த நாட்களில், ஒரு பெண் என் கடைக்கு வந்தாள். மாப்பிள்ளை வீடு கண்டியில் இருக்கிற யாழ்ப்பாணத்துக் குடும்பம், கல்யாணமும் இங்கேதான். அவள் பெயரைச் சொல்வதற்கு முன்பே டீச்சரக்காவின் அந்த நெற்றி எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா செத்து ரெண்டு வருசம். இடம்பெயர்ந்த இடத்தில காய்ச்சல். கண்டியில எண்டா உங்களிட்டத்தான் உடுத்த வேணுமெண்டு சொன்னவ. நீங்க நல்லாக் கட்டுவீங்களாம்."

கல்யாண மண்டபத்து அறையில் அவளுக்குக் கூறைச் சேலை கட்டினேன். படம் எடுக்கிறவனும் மாப்பிள்ளையின் தம்பிமார் இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்தார்கள். அவள் இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, சாவடி வரிசையில் நிற்பதைப் போல் நேராக நின்றாள்.

"கொஞ்சம் இழுத்து விடும்மா" என்றேன், பழக்கதோஷத்தில்.

"எனக்கு வராது அன்ரி. சின்னனில சட்டையை இழுத்தாலே அம்மா அடிப்பா. சீப்பின்ர முதுகால, இந்த இடத்தில." வலது மணிக்கட்டைக் காட்டினாள். "அடிச்சிட்டு அழுவா."

என் கையில் சீப்பு இருந்தது. அதை அலுமாரி மேலே வைத்தேன். ஆண்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அவளுக்குச் சொன்னேன். பஸ்ஸில் அவன் என்னிடம் என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன் என்று, ஒரு சொல் விடாமல்.

"தெரியும்" என்றாள். "அம்மா சொன்னவ. உங்களில அவவுக்குக் கோவம் இல்லை. கையிலதான் கோவம்."

என்னில் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் கையோடு அவர் சாகும் வரைக்கும் கோபமாக இருந்திருக்கிறார். அதை அந்தக் கையோடு நிறுத்தாமல் பிள்ளையின் கைக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சீப்பு நான் கொடுத்தது. எனக்கு மிஸ் கொடுத்தது.

அவளை மணவறைக்குக் கூட்டிப் போனேன். சபையில் அத்தனை ஆண்கள். எல்லோர் பார்வைக்கும் நடுவில் அவள் தோள் நிமிர்த்தி, கைகளைத் தொங்கவிட்டு நடந்தாள். முன்வரிசையில் மாப்பிள்ளையின் மாமி ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"பொம்பிளைக்கு அடக்கம் காணாது. சீலைத் தலைப்பை இழுத்து விடவும் தெரியேல்லை. இது என்ன வளர்ப்பு? தாய் ஆரெண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும்" என்றேன்.

மேளம் கொட்டத் தொடங்கியிருந்தது. அந்த மாமிக்குக் காதில் விழவில்லை. என்ன சொன்னீர் என்று கேட்டார். இன்னும் உரக்கச் சொன்னேன். அவர் என் கையை விட்டுவிட்டார்.